முல்லைத்தீவு மாவட்டம்: நிலமும் வரலாறும் மக்களும்

(கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தங்கியிருந்து ஊர் திரும்பவுள்ள குடும்பங்களுக்காக 2013 மே மாதத்தில் நடைபெற்ற தகவற் கூட்டத்தில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய அனுமதியுடன் இங்கு தரப்படுகிறது.)



கூட்டம் தொடங்க முதல் முன்வரிசையில் இருக்கிற தங்கச்சி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் கொழும்பில் பிறந்தவர். போன விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தால் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். "ஐயா, அம்மாவின்ட ஊரிலயும் மலை இருக்கா?" என்றார். நான் இன்று சொல்ல நினைத்து வந்த விடயத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

இருக்கிறது தங்கச்சி, பெயரில். தண்ணிமுறிப்புக்குப் பக்கத்தில் குருந்தூர்மலை. ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே ஒதியமலை. நுவரெலியாவைப் பார்த்த கண்ணுக்கு அவை மலையாகத் தெரியாது. காட்டுக்குள் தலை நீட்டுகிற பாறைக் குன்றுகள். எங்கள் நிலம் தட்டையான நிலம். தெற்கில் கொஞ்சம் உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. மேற்குப் பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போகும். பேராறு நந்திக்கடலில் விழுகிறது, பாலியாறு மேற்குக் கடலுக்குப் போகிறது. ஒரு மாவட்டத்துக்கு இரண்டு கடல் முகம் என்று வகுப்பில் சொல்லுவேன்.

உலகத்தில் பல நாடுகளில் ஆள் குறைந்த இடம் எது என்று கேட்டால் மலைநாடு என்பார்கள். இலங்கையில் தலைகீழ். நுவரெலியா மாவட்டத்தில் 2012 தொகைமதிப்பின்படி 7 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், சதுர கிலோமீற்றருக்கு 400 பேருக்கு மேல். அதே கணக்கில் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் 92,238 பேர், சதுர கிலோமீற்றருக்கு 38 பேர். நாட்டின் 25 மாவட்டங்களிலும் ஆள் மிகக் குறைந்தது எங்களுடையதுதான். கொழும்பு மாவட்டத்தில் இதே அளவு நிலத்தில் 3,400 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பரப்பளவில் எங்கள் மாவட்டம் 2,617 சதுர கிலோமீற்றர், கொழும்பைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகம். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் குடும்பங்களை இறக்கி விட்டால், அங்கே சில கிராமங்கள் நிறைந்துவிடும்.

ஏன் இப்படி? மண் கூடாதா? தண்ணீர் இல்லையா? இரண்டும் இல்லை. தண்ணீர் வருகிறது, ஒரே நேரத்தில் வருகிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி கொட்டித் தீர்க்கும். பிறகு சோளகம் வீசுகிற மாதங்களில் நிலம் வெடிக்கும். ஆகவே இந்த நிலத்தில் மனிதன் வாழ்வதற்கு ஒரே வழி, மாரித் தண்ணீரை மறித்து வைப்பது. அதனால்தான் எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, கணுக்கேணி, முத்தையன்கட்டு. குளம், முறிப்பு, கேணி, கட்டு. குளம் உடைந்தால் ஊர் போய்விடும். குளத்தைக் கட்டினால் ஊர் வந்துவிடும். எங்கள் வரலாற்றில் பெரும்பகுதி இதுதான்.

குளங்கள் பல நூற்றாண்டு தூர்ந்து கிடந்தன. தேங்கிய தண்ணீரில் நுளம்பு, நுளம்பால் மலேரியா. 1946க்குப் பிறகு டீ.டீ.ரி. மருந்தடிப்பு வந்துதான் வன்னியில் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். அதற்குப் பிறகு 1950களிலும் 60களிலும் வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்கள் திருத்தப்பட்டு, குடியேற்றத் திட்டங்கள் வந்தன. யாழ்ப்பாணத்தில் காணி போதாதவர்கள் வந்தார்கள். 1970களில் வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்ட நேரம், வன்னி மிளகாய்க்கு நல்ல காலம். பிறகு, 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மலையை விட்டுத் தட்டை நிலத்துக்கு வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள் என்று தெரியும். நீங்கள் காட்டை வெட்டிக் கிணறு தோண்டிய காணிகளுக்குப் பலருக்கு இன்றும் எழுத்து இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய வரலாற்றை நீட்ட மாட்டேன். வன்னிமைகளின் ஆட்சி, போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தான். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோல்வியடைந்தான். ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போகிறவர்கள் கற்சிலைமடுவைத் தாண்டித்தான் போவீர்கள். பஸ்ஸில் பிள்ளை நித்திரை என்றால் தட்டி எழுப்பிக் காட்டுங்கள்.

முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். அதற்கு முன் எதற்கென்றாலும் வவுனியாக் கச்சேரிக்குத்தான் நடை. மாவட்டமாகி மூன்று வருடத்தில், 1981இல், ஒரு தொகைமதிப்பு எடுத்தார்கள்: 77,189 பேர். அதற்குப் பிறகு 1991இல் நாட்டில் தொகைமதிப்பே நடக்கவில்லை. 2001இல் நடந்தது, எங்கள் மாவட்டத்தில் நடக்கவில்லை. 2012இல்தான் மறுபடி எண்ணினார்கள். 31 வருடம் எங்களை யாரும் எண்ணவில்லை. அந்த 31 வருடத்தில் இலங்கையின் சனத்தொகை 148 இலட்சத்திலிருந்து 203 இலட்சமாகியது. நாங்கள் 77 ஆயிரத்திலிருந்து 92 ஆயிரம். இடையில் இடம்பெயர்ந்து வந்தவர்களால் வன்னி நிறைந்து வழிந்த வருடங்களும் இருந்தன, ஒரு மனிதர்கூட இல்லாத மாதங்களும் இருந்தன.

அந்த இடைவெளிக்குள் என்னென்ன நடந்தது என்பது எனக்குச் சொல்லத் தேவையில்லை. 1984இன் கடைசியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் வெளியேற வேண்டி வந்தது. 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. புத்தளத்தில் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் இப்போதுதான் வந்து வளவைத் தேடுகிறார்கள். 2004 டிசம்பர் 26, கடற்கரை. பிறகு 2009. இங்கே இருக்கிற யாருடைய வீட்டிலும் இந்தத் திகதிகளில் ஒன்றாவது இல்லாமல் இருக்காது. அதனால் நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்கிறேன்.

துணுக்காய், மாந்தை கிழக்கில் மீள்குடியேற்றம் 2009 முடிவிலேயே தொடங்கிவிட்டது. புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் பிந்தியது. மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவுக் குடும்பங்கள் இன்னும் சொந்தக் காணிக்குப் போகவில்லை, சீனியாமோட்டையில் இருக்கிறார்கள். ஆகவே "ஊர் திறந்துவிட்டதாம்" என்று யாரும் சொன்னால், எந்த ஊர் என்று கேளுங்கள். உங்கள் கிராம அலுவலரிடம், உங்கள் காணி இருக்கிற பக்கம் மிதிவெடி அகற்றி முடித்து ஒப்படைக்கப்பட்டுவிட்டதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ரோட்டோரம் துப்புரவாக இருப்பது வளவுக்குள்ளும் துப்புரவு என்பதல்ல. பழைய கிணற்றுக்குள் நீங்களாக இறங்க வேண்டாம்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். கொழும்பில் பலர் என்னிடம் சொல்வது இது: "மாஸ்டர், அங்க ஆளில்லை. வெறுங்காடு. நாலு பேர் போய் என்ன செய்யிறது? இவர் மட்டும் போய்ப் பார்க்கட்டும், பிள்ளையள் இங்க படிக்கட்டும்." இதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் பேரப்பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். ஆனால் ஆள் குறைந்த இடம் என்பது வெறும் இடம் அல்ல. அதை வெறும் இடம் என்று நாங்களே சொன்னால், மற்றவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஒரு வளவில் இருபது வருடம் ஆளில்லை என்றால் காடு ஏறிவிடும். சில இடங்களில் அப்படி ஏறிய காட்டை வனத் திணைக்களம் தன்னுடைய காடு என்று எல்லைக்கல் போட்டிருக்கிறது. நீங்கள் போய் "இது என்ட தகப்பன்ட காணி" என்றால் மட்டும் போதாது. காட்டுக்குள் வரிசையாக நிற்கிற தென்னையைக் காட்டுங்கள். வரிசையாகத் தானாக முளைக்கிற தென்னை உலகத்தில் இல்லை. கிணற்றுக் கட்டு, வீட்டு அத்திவாரம், வேலியில் நின்ற பூவரசு, பனை. எல்லாவற்றையும் படம் எடுங்கள். அயலவர் இரண்டு பேரின் சாட்சியம் எழுதிக்கொள்ளுங்கள், வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே. காணி உத்தரவுப் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பேரேடு இருக்கிறதா என்று கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். கொடுத்ததற்குத் துண்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். உத்தரவுப் பத்திரக் காணிக்கு, அங்கே இருந்து செய்கை பண்ண வேண்டும் என்ற நிபந்தனை உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். தனியார் உறுதிக் காணியை வேறு ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டிருந்தால் அவர் உரிமை கோர வழி இருக்கிறது. கோரியவுடன் கிடைத்துவிடும் என்று பயந்துவிடவும் வேண்டாம். சண்டை பிடிக்க முதல் சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. இந்த மாவட்டத்தில் ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் தெரியும். கொட்டாஞ்சேனையில் பத்துப் பிள்ளை குறைந்தால் எந்தப் பள்ளிக்கூடமும் கவலைப்படாது. ஐங்கன்குளத்திலோ அம்பகாமத்திலோ பத்துப் பிள்ளை குறைந்தால் ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போவார். ஆசிரியர் போனால் இன்னும் ஐந்து பிள்ளைகளைப் பெற்றோர் மல்லாவிக்கோ முள்ளியவளைக்கோ மாற்றுவார்கள். பஸ் விடுவதும், தாதியை நியமிப்பதும், வீட்டுத்திட்டப் பட்டியல் போடுவதும் தலைக்கணக்கில்தான். வாக்காளர் பதிவுக்கு ஒவ்வொரு வருடமும் யூன் முதலாம் திகதி எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஒருவர் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. வெள்ளவத்தையில் பதிவை வைத்துக்கொண்டு ஊரில் உங்களுக்கு ஆசனமும் பாதையும் வேண்டும் என்று கேட்க முடியாது. இது என் அபிப்பிராயம். நிறுவனத்தின் தலையில் போட வேண்டாம்.

உங்களில் சிலருக்கு நோர்வேயில் உறவினர் இருப்பார்கள். 1980களில் போன எங்கள் பொடியன்கள் பலர் வடக்கு நுனியில் பின்மார்க் என்ற மாகாணத்தில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். மலையும் பனியுமான அந்த இடத்தில் சதுர கிலோமீற்றருக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்த அரசாங்கம் என்ன செய்தது? அங்கே இருக்கிறவர்களுக்கு வருமான வரியைக் குறைத்தது, அங்கே வந்து வேலை செய்கிற பட்டதாரிகளின் படிப்புக் கடனில் வருடா வருடம் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது. ஆள் போய்விட்டால் ஊர் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அப்படி ஒரு சலுகை வரும் என்று நான் வாக்குத் தரவில்லை. ஆனால் கேட்பது பிச்சை அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

தூரங்களை விளங்கிக்கொண்டு போங்கள். கொழும்பில் மருந்துக் கடை வாசலில் இருக்கிறது. அங்கே மாங்குளச் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நகர் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். கச்சேரியும் மாவட்ட வைத்தியசாலையும் கிழக்குக் கரையில். துணுக்காய்க்காரர் இருப்பது மேற்கே. கர்ப்பிணிகள், சலரோகம் உள்ளவர்கள் இருக்கிற வீட்டார், கிளினிக் கொப்பியும் ஒரு மாத மருந்தும் இல்லாமல் புறப்பட வேண்டாம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு யானை நடமாடுகிற பாதைகள் இருக்கின்றன. எவை என்று அங்கே இருக்கிறவர்களைக் கேளுங்கள், வரைபடத்தைக் கேட்காதீர்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை பின்பக்க அட்டையில் இருக்கின்றன. நான் ஒன்று சேர்க்கிறேன்: பிறப்புச் சாட்சிப் பத்திரம், குடும்ப அட்டை, இங்கே எடுத்த பொலிஸ் பதிவுக் கடதாசி உட்பட எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை இங்கே இருக்கிற சொந்தக்காரரிடம் விட்டுவிட்டுப் போங்கள். ஓட்டமாய் ஓடினவர்களுக்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை.

போகிற காலமும் நல்ல காலம். வற்றாப்பளை அம்மன் பொங்கல் வைகாசியில். சொந்தக்காரர் யார் யார் எங்கே வந்து இருக்கிறார்கள் என்று அறிய அதைவிட நல்ல இடம் இல்லை. பாலைப்பழமும் பழுக்கத் தொடங்கும். தங்கச்சி, நுவரெலியாவில் பாலைப்பழம் இல்லை. நிறையச் சாப்பிட்டால் வாய் ஒட்டும், பால் மாதிரி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். காணி அலுவல் பற்றிக் கேட்கிறவர்கள் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள்.