ஆட்டுப்பட்டிக்கு ஏற்ற கதியால்

மலையகத் தோட்டங்களிலே ஆடு நடமாடும் சேமிப்பாகும். பிள்ளையின் படிப்புச் செலவுக்கோ, எதிர்பாராத நோய்க்கோ கைகொடுப்பவை லயத்தின் பின்புறத்திலே வளரும் இரண்டொரு ஆடுகளே. பட்டியின் வேலி சரிந்தால் அவை அயலவரின் மரக்கறித் தோட்டத்தில் வாய் வைக்கும். அதன் பின்பு வழக்கும் வாய்ச்சண்டையுந்தான். வேலி சரிவதற்குக் கம்பி அறுவது அரிதாகவே காரணமாகும். கம்பம் உளுத்துப் போவதே பெரும்பாலும் காரணம்.

கம்பம் உளுக்கும் இடம் எது? நிலத்தின் ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. நிலத்துக்கு மேலே காற்று உண்டு. வெயில் ஈரத்தை உலர்த்திவிடும். இரண்டும் ஒருங்கே கிடைப்பது மண்மட்டத்தை ஒட்டிய சில அங்குலங்களிலேதான். மரத்தைத் தின்னும் பூஞ்சணம் அங்கேயே குடிபுகுகின்றது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் நனையும் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளில் இதற்கு ஓய்வே இல்லை.

தோட்டத்திலே சவுக்கு என வழங்கும் கிரவிலியா எளிதிற் கிடைக்கும். ஆனால் மண்ணிலே நெடுநாள் நில்லாது. யூக்கலிப்டசிலும் வெளிப்புறத்து வெளிறிய மரம் விரைவில் அழியும். உள்ளே இருக்கும் கறுத்த வயிரமே தாங்கும். ஆகவே மெல்லிய முழுக்கம்பிலும், முதிர்ந்த மரத்தைப் பிளந்தெடுத்த துண்டு மேலானது. அடியைத் தீயிற் கருக்கி ஊன்றும் வழக்கத்திற் பலருக்கு நம்பிக்கை உண்டு. கரி உளுக்காது என்பது மெய்யே. ஆயினும் அதன் வெடிப்புகளின் வழியே ஈரம் உள்ளே புகுந்துவிடுவதால் பயன் சிறிதே. பாசாணம் கலந்த மருந்து ஏற்றிய கம்பங்களை ஆட்டுப்பட்டிக்கு அறவே தவிர்க்க வேண்டும். மரத்தைக் கறிப்பது ஆட்டின் இயல்பு.

உளுக்காத கம்பம் ஒன்றுண்டு. அது உயிருள்ள கம்பம். கிளுவையும் பூவரசும் கொண்டு யாழ்ப்பாணத்தார் கதியால் நடும் முறை தமிழர்க்குப் புதிதன்று. மலைநாட்டில் அதற்கு உரியவை இரண்டு. கினிகத்தேனை, நாவலப்பிட்டி போன்ற தாழ்ந்த, வெப்பமான சரிவுகளிற் சீமைக்கிளுவை, அதாவது கிளிரிசிடியா, செழித்து வளரும். 4,000 அடிக்கு மேற்பட்ட ஹட்டன் பகுதியில் அது மந்தப்படும். அங்கே தேயிலைக்கு நிழலாக நட்டுப் பழகிய டடாப் என்னும் முருக்கே தக்கது. 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலோ தை, மாசி உறைபனி இரண்டையுமே கருக்கிவிடும். அங்கே யூக்கலிப்டஸ் வயிரத்தைத் தவிர வேறு வழியில்லை.

இவ்விரு மரங்களின் தழையும் ஆட்டுக்கு நல்ல தீன். சீமைக்கிளுவையின் மணத்தை முதலில் வெறுக்கும் ஆடும், தழையைச் சற்று வாடவிட்டுக் கொடுத்தாற் பழகிவிடும். இடையூறும் இதிலேதான் இருக்கிறது. தழைக்கு ஆசைப்படும் ஆடு பட்டையையும் உரிக்கும். சுற்றிலும் பட்டை உரிந்த கதியால் பட்டுப்போகும். எனவே முதலில் உலர்ந்த கம்பங்களிலே கம்பி கட்டி, அதற்கு வெளியே இரண்டு முழம் தள்ளிக் கதியாலை நடவேண்டும். உலர்ந்தவை தளரும் காலத்திற் கதியால் பருத்திருக்கும். அப்போது கம்பியை அதற்கு மாற்றி, உட்புறத்தில் மூங்கிற் பிளாச்சு கட்டிவிடலாம். கம்பியை மரத்தில் நேரே அடித்தால் மரம் அதனை விழுங்கிவிடும். இடையே ஒரு சட்டத்தை வைத்து அடிப்பதே முறை.

கதியால் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத பருமனும், ஏழெட்டு அடி நீளமும் உள்ள முற்றிய கிளையாக இருத்தல் வேண்டும். மழை தொடங்கும் வேளையில், அடிப்பாகம் கீழே இருக்கும்படி ஒன்றரை அடி ஆழத்தில் நடுக. காணி உறுதி இல்லாத இடமாயின் முன்னரே நிருவாகத்திடம் சொல்லிவைப்பது விவேகம். செத்த கம்பத்தைப் பிடுங்கி வேறிடம் கொண்டு போகலாம்; வேர்விட்டதை அவ்வாறு செய்ய முடியாது.

உலர்ந்த கம்பத்துக்கு இரண்டு அடிக் குழி வேண்டும். மண்ணைச் சிறிது சிறிதாக இட்டு, அலவாங்கின் மொட்டை முனையால் ஒவ்வொரு படையாக இடித்து இறுக்க வேண்டும். ஒரேயடியாகக் குழியை நிரப்பி மேலே மிதிப்பது வீண். மழைநீர் தேங்காதபடி அடியிலே மண்ணைக் குவித்து, தலையைச் சரிவாக வெட்டிவிடுக. மூலைக் கம்பத்துக்கு உட்புறம் முட்டுக்கொடுப்போர் பலர். ஆடு அந்த முட்டின்மேல் ஏறி வெளியே குதித்துவிடும். வெளிப்புறத்தில் முளையடித்துக் கம்பியால் இழுத்துக் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை. இடைவெளிகளை நாயுண்ணி முள்ளால் அடைப்பதும் ஆகாது. அதன் இலை ஆட்டுக்கு நஞ்சு.

எத்தகைய வேலியும் சிறுத்தையைத் தடுக்காது. அதற்கெனக் கம்பத்திலே கண்ணி கட்டுவது சட்டத்துக்கும் மாறு, அறத்துக்கும் மாறு. 2020 மே மாதத்திலே நல்லதண்ணிப் பகுதியின் இலக்சபானத் தோட்டத்திற் கண்ணியிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் மாண்டது. பட்டிவேலி பகற்பொழுதுக்கே உரியது. பொழுது சாய்ந்ததும் ஆடுகளை, கூரையும் உறுதியான கதவும் உள்ள பரண் கொட்டிலில் அடைத்துவிட வேண்டும்.