வாயிலில் நிற்கும் வாசகர்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசாது நூலக வாயிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும். நம் வட்டத்தில் பலர் எந்தக் கல்லூரியையும் சாராதவர்கள். பகலெல்லாம் அஞ்சலகத்திலும் கடையிலும் உழைத்து, இரவில் எழுதுகிறவர்கள். பல்கலைக்கழக நூலகம் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் ‘வெளியார்’. ஆய்வேட்டை ஒப்படைத்ததும் என் உறுப்பினர் அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சிறிது காலம் நானும் வெளியாளாக இருந்தேன்.

வெளியார் உள்ளே செல்லவே இயலாதென்பதில்லை. பெரும்பாலும் அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் கேட்பார்கள். சில இடங்களில் கட்டணமும் உண்டு. பையை வாயிலில் வைத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் அமர்ந்து படிக்கலாம்; நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. பழைய இதழ்த் தொகுதிகளுக்குச் சீட்டெழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இவற்றுள் பல நியாயமானவையே. தொட்டால் உதிரும் தாளை யாரிடம் கொடுத்தனுப்புவது? என்னை உறுத்துவது அந்தக் கடிதம் ஒன்றுதான். ஏனெனில், அதில் கையெழுத்திடும் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முதியவர் ஒருவர் என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் இளமையில் எழுதிய பாடல்கள் ஒரு பழைய இதழில் வந்தன என்றும், அதனைப் பார்த்துப் படியெடுக்கக் கடிதம் வேண்டுமென்றும் கேட்டார். எந்த நிறுவனம் என்று வினவினேன். “நிறுவனமெல்லாம் இல்லீங்கம்மா, மளிகைக் கடை வச்சிருக்கேன்” என்றார். அறியாதவர்க்குக் கையெழுத்திடுதல் முறையன்று எனச் சொல்லி அனுப்பிவிட்டேன். விடைத்தாள் திருத்தும் காலம் அது. என் கடுமைக்கு அதுவும் ஒரு காரணம்.

மறு ஆண்டு வேறொரு கட்டுரைக்காக அதே இதழின் தொகுதியைப் புரட்டினேன். பாடல்கள் இருந்தன, நான்கு. கையால் படியெடுத்தேன். அவருக்கு அனுப்ப எண்ணியபோதுதான், முகவரியையோ பெயரையோ கேட்டு வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்தப் படி இன்றும் என் மேசையில் இருக்கிறது.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி அரங்கநாதன், அதற்கு முன் கணிதம் கற்பித்தவர். பூட்டிய அடுக்குகளைத் திறந்து வாசகரே நூலைத் தேடிக்கொள்ளச் செய்தவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் வாசகர் உண்டு. பட்டம் பெற்றவர், பெறாதவர் என்னும் பிரிவு இல்லை. மற்றொன்றும் சொல்ல வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களை, அவர் 1992இல் மறைந்தபின், 1994இல் சிகாகோப் பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெறச் செய்தது. இன்று பேராசிரியர்கள் நாடிச் செல்லும் அத்தொகுப்பைச் சேர்த்தவர் பேராசிரியரல்லர். பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வட்டத்தின் பெயரிலேயே உறுப்பினர்க்கு அறிமுகக் கடிதம் வழங்குவோம். அதனை ஏற்குமாறு நூலகர்களை நேரில் கண்டு கேட்போம். நானும் உடன் வருகிறேன். ஏற்க மறுக்கும் இடங்களுக்குக் கல்லூரித் தாளில் நான் எழுதித் தருகிறேன். தேவைப்படுவோர் கூட்டம் முடிந்ததும் பெயரும் முகவரியும், பார்க்க வேண்டிய நூலின் பெயரும் எழுதிக் கொடுங்கள். குறிப்பேடு கொண்டு வந்திருக்கிறேன்.