பால்வாடி ஆயாவும் கடல்கட்டியும்

(தூத்துக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்று போயிற்று. ஆனாலும் அதிலிருந்து ஒரு சங்கதியை இன்று சொல்லியாக வேண்டும். குளிப்பவன் கடலில் இறங்குமுன் ‘கடல்கட்டி’ என்று ஒருவன் வருவான். மந்திரம் ஜெபித்துச் சுறாவின் வாயைக் கட்டுவது அவன் உத்தியோகமாம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், இந்த மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கும் போயிற்று என்று எழுதி வைத்திருக்கிறான். வெள்ளைக்காரன் ஆட்சியிலும் கடல்கட்டிக்குச் சிப்பியில் பங்கு இருந்தது. அந்த மந்திரத்தின் பாஷை சுறாவுக்குத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பங்கு மாத்திரம் தவறாமல் போயிற்று. அதே கரையில், குளிக்கப் போனவனுடைய பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றி, அது அலைவாய்க்கு ஓடிவிடாமல் காத்திருந்த கிழவிக்கு எத்தனை பங்கு? நான் படித்த எந்தப் புஸ்தகத்திலும் அது இல்லை.

அந்தக் கிழவியின் பேத்திதான் இன்றைய பால்வாடி ஆயா. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் என்று 1975 அக்டோபர் 2-இல் இந்தியா முழுவதிலுமாக 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது, இன்று ஊருக்கு ஊர் அங்கன்வாடியாக நிற்கிறது. அங்குள்ள பணியாளர் செய்வது என்ன? பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் எண்ணும் சொல்லித் தருகிறார். நிறை பார்க்கிறார். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறார். செல்போனில் கணக்கு ஏற்றுகிறார். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார். உதவியாளர் சமைத்து, ஊட்டி, மலஜலம் கழுவி, தூங்க வைக்கிறார்.

இதற்குச் சம்பளம் என்ன? 2025-இல் தமிழ்நாட்டில் ஆள் எடுத்தபோது, முதல் 12 மாதத்துக்குப் பணியாளருக்கு மாதம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100 ரூபாய் என்று விளம்பரம் செய்தார்கள். மாதம் 26 நாள் என்று வகுத்துப் பாருங்கள். உதவியாளருக்கு நாளொன்றுக்கு சுமார் 158 ரூபாய். பணியாளருக்கு 296 ரூபாய். அதே 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். மண் வெட்டுகிறவருக்கு அது அதிகம் என்று நான் சொல்லவில்லை, அதுவும் போதாது. ஆனால் மண்ணைக் கிளறுவதற்கு உள்ள மதிப்பு மனிதக் குஞ்சை வளர்ப்பதற்கு இல்லையா என்றுதான் கேட்கிறேன்.

டில்லி சர்க்கார் இதற்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: ‘மதிப்பூதியம்’! 2018 அக்டோபரில் அதைப் பணியாளருக்கு 4,500 என்றும் உதவியாளருக்கு 2,250 என்றும் உயர்த்தினார்கள். கூலி என்றால் கணக்குக் கேட்கலாம். மதிப்பு என்றால் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்லர் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம், இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தச் சிறு நியாயம் கிடைக்கவே 47 வருஷம் ஆயிற்று.

நிற்க, பிள்ளையை விடுகிற தாயின் பக்கத்தைப் பார்ப்போம். முத்தையாபுரத்திலும் முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் உப்பளத்துக்குப் போகும் பெண்கள் வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே அளத்தில் இறங்குகிறார்கள். பால்வாடிக் கதவு திறப்பதோ பொழுது நன்றாக ஏறிய பிறகு. கைக்குழந்தையையோ அங்கே விடவே முடியாது. 2 வயது ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் இடையிலுள்ள நேரத்தில் பிள்ளை யாரிடம்? பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லாவிட்டால் பத்து வயது அக்காளிடம். அந்த அக்காள் பள்ளிக்கூடம் போகமாட்டாள். ‘எங்கள் வீட்டில் பிள்ளை பார்க்கச் செலவே இல்லை’ என்று பெருமை பேசும் ஆண்பிள்ளைகளே! செலவு இருக்கிறது. அதை உங்கள் பெண் தன் படிப்பினால் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்றது. 1976-இல் அதை 30 ஆக்கினார்கள். 2017-இல் திருத்திய மகப்பேறு சட்டம் 50 பேர் என்றது. 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் 50 என்ற கணக்குத்தான். சிறு சிறு அளங்களாகத் துண்டுபட்டு, காண்ட்ராக்டர் கூப்பிட்ட இடத்துக்குப் போகும் பெண்களை எந்தத் தலைக்கணக்கில் சேர்ப்பது? ஓர் அளத்தில் 12 பேர், அடுத்த அளத்தில் 15 பேர். சட்டம் வரப்பின்மேல் நின்று வேடிக்கை பார்க்கிறது. பிள்ளை வரப்பின்மேல் சேலைத் தொட்டிலில் கிடக்கிறது. அளம் வாரியாக எண்ணாமல், ஊர் வாரியாக எண்ணினால் என்ன குடி முழுகிவிடும்?

கூட்டத்துக்கு முன் ஒரு நண்பர் என்னிடம், “ஐயா, தாய்மை தெய்வீகமல்லவா? அதற்கு விலை போடலாமா?” என்று கேட்டார். தெய்வீகம் என்று சொல்லப்படுகிற எந்த வேலையைப் புருஷன் செய்தாலும் அதற்குத் தட்சணை உண்டு, மானியம் உண்டு, பரிவட்டம் உண்டு. பெண் செய்கிற தெய்வீகத்துக்கு மாத்திரம் கூலி கேட்டால் பாவமா? பெண்ணாய்ப் பிறந்தால் பிள்ளை வளர்ப்பு தானாக வந்துவிடும் என்பதும் சுத்த மூடநம்பிக்கை. ஒரே அறையில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எது பேசப் பிந்துகிறது, எதற்குக் கண் மங்கல், எது சோறு தின்றும் இளைக்கிறது என்று கண்டுபிடிப்பது வித்தை. பயிற்சியும் அனுபவமும் கொண்டு வருகிற வித்தை. நம்ப மாட்டீர்களானால், இந்த நண்பர் ஒரு நாள் பால்வாடியில் இருந்து பார்க்கட்டும்! (சிரிப்பு)

இன்னொருவர், நல்ல சம்பளம் கொடுத்தால் அதைத் தாய் தலையில்தானே ஏற்றுவார்கள் என்கிறார். நியாயமான பயந்தான். தாய் கொடுக்கும் பணத்திலிருந்து ஆயாவின் சம்பளம் வருமானால், உப்பளத்துக்காரிக்கும் ஆயாவுக்கும் சண்டைதான் மிஞ்சும். இரண்டு ஏழைகள் ஒரு கஞ்சிச் சட்டியைப் பிடித்து இழுப்பதுபோல. சாலைக்கும் துறைமுகத்துக்கும் தாயிடம் தனியாகக் காசு கேட்கிறோமா? பொதுப் பணத்தில் போடுகிறோம். அந்தத் தாய் வாரிய உப்பில் லாபம் எடுக்கிறவர்களும் பங்கு போடட்டும்.

கூலி கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வும் வாராந்தர விடுமுறையும் பெற்றுத்தான் உள்ளே போனார்கள். அன்று மில்காரன் கருணைக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

இன்று உங்கள் முன் வைக்கும் தீர்மானம் சிறியதுதான். உப்பளமும் மீன் வேலையும் நடக்கும் ஊர்களில் விடியுமுன் திறக்கும் காப்பகம், கைக்குழந்தைக்கும் இடம், தாய்க்குச் செலவில்லாமல். அங்கே வேலை செய்கிறவருக்கு மதிப்பூதியம் அல்ல, பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போல மாதச் சம்பளமும் ஓய்வூதியமும். ஆதரிக்கிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். மேஜை வாசல் பக்கம் இருக்கிறது. அளத்துக்கு விடியுமுன் எழ வேண்டிய தாய்மார்கள் முதலில் போட்டுவிட்டுப் போகட்டும். நாம் பிறகு போடலாம்.