மொட்டைக் கோபுரம்

'மொட்டை' என்னும் சொல்லைச் சிறிது சிந்திப்போம். இருக்கவேண்டிய ஒன்று இல்லாமையை அச்சொல் உணர்த்துகிறது. எழுதியவர் பெயரில்லாத கடிதம் மொட்டைக் கடிதம்; கூரையில்லாத மாடி மொட்டை மாடி. முற்றுப்பெறாத கோபுரத்தையும் நம் முன்னோர் அவ்வாறே வழங்கினர்.

திருஆலவாயில் அங்கயற்கண்ணி திருக்கோயிலின் வடக்குக் கோபுரம் நாயக்கர் காலத்தில் தொடங்கப்பெற்று, மேல்நிலைகள் எழாமல் நெடுங்காலம் நின்றது. ஊரார் அதனை மொட்டைக் கோபுரம் என்றனர். 19ஆம் நூற்றாண்டில் நகரத்தார் திருப்பணியால் அது நிறைவெய்தியது. ஆயினும் பழம்பெயர் மறையவில்லை. அங்கே காவல்கொண்ட முனீசுவரர் இன்றும் மொட்டைக் கோபுர முனீசுவரர் என்றே போற்றப்பெறுகிறார். புதுமண்டபத்துக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் (1623-1659) தொடங்கிய இராய கோபுரமோ அடிநிலைக் கற்பணியோடு நின்றுவிட்டது.

வடக்குக் கோபுரத்தைத் தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் வேறொருவர். முன்னவர் அடியிட்டிராவிடில், பின்னவர் எதன்மேல் எழுப்பியிருப்பார்? நின்றுபோன முயற்சி வேறு. வீணான முயற்சி வேறு.

அன்பர்களே, நேர்த்திக்கடனாக முடியிறக்கிய அடியவரையும் மொட்டை என்றே சொல்கிறோம். அங்கே அச்சொல் குறையைச் சுட்டவில்லை. நேர்ந்ததைக் கொடுத்து முடித்த நிறைவைச் சுட்டுகிறது. சொல் ஒன்றே, குறையும் நிறைவும் நோக்குவார் நெஞ்சில் உள்ளன.

ஆதலின், பாதியில் நிற்கும் திருப்பணியைக் கண்டு எள்ளாதிருப்போம். அது நம் கைக்காகக் காத்திருக்கிறது என்றுணர்ந்து, இயன்ற ஒரு கல்லையேனும் ஏற்றுவோம். முடிப்பது நம் காலத்திலா, பின்வருவார் காலத்திலா என்பது இறைவன் திருவுளம். தொண்டு செய்வதே நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.