நொடியில் நூறில் ஒரு பங்கு

நாம் பணி நிமித்தம் வாழ்வது கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியில். மிளகும் சுக்கும் மணக்கும் இக்கடைத்தெருவுக்குக் கடல் கடந்த நாடுகள் புதியவை அல்ல. மொராக்கோ நாட்டில் பிறந்த இபன் பதூதா என்னும் பயணி, பதினான்காம் நூற்றாண்டிலேயே இம்மேலைக் கரையில் கோழிக்கோட்டுத் துறைக்கு வந்து சென்றார். அந்நாட்டு மங்கை ஒருவரும் இக்கரையில் பிறந்த மங்கை ஒருவரும் 1984ஆம் ஆண்டில் ஓட்டக்களத்தில் சந்தித்த வரலாற்றையே இன்று கூற விழைகிறோம்.

மொராக்கோ விடுதலை பெற்றது 1956இல். ஒலிம்பிக் பந்தயங்களில் அந்நாடு முதன்முதல் கலந்துகொண்டது 1960இல், ரோமாபுரியில். அங்கு மாரத்தான் ஓட்டத்தில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி வென்றார். சுமார் 25 நொடி பின்னால் வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர் மொராக்கோவின் ராடி பென் அப்தசலாம். அதன் பின் இருபத்து நான்கு ஆண்டுகள் சென்றும் தங்கம் கிட்டவில்லை. 1976இலும் 1980இலும் அரசியல் காரணங்களால் அந்நாடு விலகிக்கொண்டது.

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்ற மொராக்கோ குழுவில் இருந்த ஒரே பெண் நவால் எல் முத்தவக்கில். மகளிர்க்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் ஒலிம்பிக்கில் அவ்வாண்டுதான் முதன்முதலாக இடம்பெற்றது. ஆகஸ்டு 8ஆம் நாள் நவால் 54.61 நொடியில் ஓடி, தம் நாட்டுக்கு முதல் தங்கத்தைத் தேடித் தந்தார். அதே ஓட்டத்தில் கோழிக்கோட்டிற்கு வடக்கேயுள்ள பய்யோளியைச் சேர்ந்த பி.டி. உஷா 55.42 நொடியில் நான்காவதாக வந்தார். மூன்றாமவரான ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. நொடியை நூறு கூறாக்கினால், அதில் ஒரு கூற்றால் பதக்கம் கைநழுவிற்று.

வென்றவர் ஒருவர், மயிரிழையில் இழந்தவர் ஒருவர். எனினும் இருவர் செய்த பணியும் ஒன்றே. 2000இல் சிட்னியில் இதே ஓட்டத்தில் மொராக்கோவின் நெஸா பிடுவான் வெண்கலம் வென்றார். நவால் 2007இல் தம் நாட்டின் விளையாட்டுத்துறை அமைச்சரானார். உஷா 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் வென்றார். பின்னர்ப் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் நிறுவினார். அங்குப் பயின்ற டின்டு லூக்கா 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதி வரை சென்றார். முன் சென்றவர் அடிச்சுவடு பின் வருபவர்க்குப் பாதையாயிற்று.

“பிழைக்க வந்த இடத்தில் பெண்பிள்ளைக்கு மைதானம் எதற்கு?” என்னும் பேச்சு நம் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் எழுவதுண்டு. மொழி அறியாத ஊரில் அஞ்சுவது இயல்பே. ஆயினும் ஓட்டக்களத்தில் எவரும் தாய்மொழியைக் கேட்பதில்லை. கடிகாரத்திற்கு ஊர்ப்பற்றும் இல்லை. நாட்டின் குழுவிலேயே தனியொரு பெண்ணாகச் சென்றவரை எண்ணிப் பாருங்கள். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுக்க உங்கள் மகள் விரும்பினால், தடை சொல்லாதீர்கள். களத்தில் அவள் தாண்ட வேண்டிய தடைகள் பத்து உள்ளன. இல்லத்திலும் ஒன்றை நாம் வைக்க வேண்டுவதில்லை.