தேநீர்ச் சுவைஞரின் கனவுப் பயணம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவையொட்டி ஏற்காட்டில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நிறைவு விழாவில் பேசுவோர் பத்தாண்டுப் பணியைப் பாராட்டிப் பேசுவது மரபு. எனக்கு முன் பேசிய நண்பர்கள் அதனைச் செவ்வனே செய்துவிட்டனர். எனவே, நம் கூட்டங்களில் கவிதைக்கு அடுத்தபடியாகத் தவறாது இடம்பெற்றுவரும் ஒன்றைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். அது தேநீர். பத்தாண்டுகளில் எவ்வளவோ பொருள்கள் பற்றிக் கட்டுரை படித்தோம். கையில் இருந்த குவளையைப் பற்றி ஒருவரும் படிக்கவில்லை.

சேர்வராயன் மலையில் தேநீரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். இது காப்பி மலை. 1820ஆம் ஆண்டளவில், சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கு ஊன்றப்பட்ட காப்பி இன்றளவும் நிலைத்திருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறி வருகையில் சில்வர் ஓக் மரங்களையும், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளையும், அவற்றின் நிழலில் ஒதுங்கி நிற்கும் காப்பிச் செடிகளையும் கண்டீர்கள். காப்பித் தோட்டம் காடுபோல் தோன்றும். தேயிலைத் தோட்டம் அவ்வாறு தோன்றுவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் பேச்சு முழுவதும் இதனைச் சுற்றியே அமைகிறது.

தேநீர்ச் சுவைஞர் என்றொரு கூட்டம் உலகெங்கும் உண்டு. பக்தர்க்குத் திருத்தலங்கள் இருப்பதுபோல் அவர்களுக்கும் தலங்கள் உண்டு. மார்ச்சுத் திங்களில் முதல் கொழுந்து கிள்ளும் டார்ஜிலிங், சீனத்தின் வூயி மலை, ஜப்பானின் ஊஜி, இலங்கையின் நுவரெலியா என அவை நீளும். நம்மவர் கனவு பெரும்பாலும் குன்னூர், வால்பாறை, மூணாறு வரை செல்லும். கையில் சற்றுப் பணம் சேர்ந்தால் ஹட்டன் தொடர்வண்டி வரை நீளும்.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். ‘தேன் போன்ற நீர் தேநீர்’ என்று மாணவர் சிலர் விடைத்தாளில் எழுதுவதுண்டு. அழகிய விளக்கந்தான், ஆயினும் உண்மையன்று. சீனத்தின் புகியன் கடற்கரை வழக்கில் ‘தே’ என்பது இவ்விலையின் பெயர். கடல்வழி சென்ற நாடுகளில் அப்பெயரும், தரைவழி சென்ற நாடுகளில் ‘சா’ என்ற பெயரும் பரவின என்பர் மொழிநூலார். நாம் கடல்வழி வந்த ‘தே’யுடன் நம் இலையையும் நீரையும் சேர்த்துக்கொண்டோம். வடக்கே ‘சாய்’ என்பதும், மலையாளத்தில் ‘சாயா’ என்பதும் மற்றொரு வழி வந்தவை.

இனி, நாள்தோறும் நாம் குடிப்பது எது? தலங்களின் பட்டியலில் உள்ள தேநீர் எதுவும் அன்று. பேருந்து நிலையக் கடையில் துணிவடிகட்டியில் வெந்து, பாலும் சர்க்கரையும் சேர்ந்து, உயரத் தூக்கி ஆற்றப்படும் தேநீர் பெரும்பாலும் சி.டி.சி. தூளிலிருந்து வருவது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் அப்பொறி 1930களில் அசாமில் தோன்றியது. அரைத்து உலர்த்திய தேயிலையைச் சலிக்கும்போது பெரிய இலை, உடைந்த இலை, அதனினும் நுண்ணியது எனப் பிரிந்து, கடைசிச் சல்லடையில் இறங்குவது ‘டஸ்ட்’. தூசி என்ற பெயரால் அதனை இழிவாக எண்ண வேண்டா. விரைவில் சாயம் இறங்கும். ஒரு கிலோவில் மிகுந்த குவளைகள் கிடைக்கும். நாள் முழுதும் உழைப்பவனுக்கு ஏற்ற விலையில் ஏற்ற சூடு அது. தமிழ்நாட்டில் காப்பி நடுத்தர வகுப்பின் பானமாகவும், தேநீர் நகர்ப்புறத் தொழிலாளரின் பானமாகவும் எவ்வாறு வேறுபட்டு வளர்ந்தன என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். படித்தவர் மீண்டும் படிக்கலாம்.

இப்போது நம் கவிஞர்களிடம் ஒரு குறை சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தேயிலை மலைக்குச் சென்று திரும்பும் கவிஞர் பத்துப் பேரில் ஒன்பது பேர் ‘பச்சைக் கம்பளம்’ என்று எழுதுகிறார்கள். பேருந்துச் சன்னல் வழியே பார்த்தால் கம்பளந்தான். ஆனால் தேயிலை இயல்பில் ஒரு மரம். விட்டுவிட்டால் வீட்டுக் கூரைக்கு மேல் வளரும். கொழுந்து கிள்ளும் கைக்கு எட்டும்படி இடுப்பளவில் அதனை நிறுத்துவது கவாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கத்தி கொண்டு கிளைகளை வெட்டி, பின் ஏழு முதல் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளி மட்டம் செய்கிறார்கள். அக்கம்பளம் இயற்கை விரித்ததன்று. பெரும்பாலும் பெண்களின் விரல்கள் நெய்தது.

காப்பியோ ஆண்டுக்கு ஒரு பருவத்தில் பழுக்கும். இம்மலையில் கார்த்திகை, மார்கழி, தையில் பழம் பறித்து முடிந்தால் பெரும்பணி முடிந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். வேளாண்மை நூல் சொல்லும் இச்சிறு வேறுபாடு பல இலட்சம் தமிழரின் வாழ்வைத் தீர்மானித்தது.

இலங்கையின் மலைகளிலும் முதலில் காப்பியே இருந்தது. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்தும், இதோ கீழே தெரியும் நம் சேலத்திலிருந்தும் மக்கள் பழம் பறிக்கும் பருவத்தில் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்து சென்றனர். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியவருள் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் இலைத்துரு நோய் காப்பியைத் தின்னத் தொடங்கியது. தென்னிந்திய மலைகளுக்கும் அந்நோய் பரவியது. எனினும் சேர்வராயன் காப்பியை விடவில்லை, இலங்கை விட்டது. தேயிலை வந்ததும் குடும்பத்தோடு ஆள் பிடித்தனர் கங்காணிகள். லயம் எழுந்தது. காப்பி அவர்களைத் திரும்பிவர விட்டது, தேயிலை விடவில்லை.

அதன் பின் நடந்தவை நீங்கள் அறிந்தவை. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. வந்தவர்க்கு வேலை தர 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. ‘டேன்டீ’ என நாம் அறியும் கழகம் அதிலிருந்து வளர்ந்ததே. பாட்டன் கடல் கடந்து கொழுந்து கிள்ளப் போனான்; பெயர்த்தி கடல் கடந்து வந்து கூடலூரில் கொழுந்து கிள்ளினாள். சுவைஞர் கனவு காணும் பயணத்தை இவர்கள் இருமுறை மேற்கொண்டுவிட்டனர், கனவு காணாமலே.

பழங்கதை என்று இதனை ஒதுக்க இயலாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காகத் திருநெல்வேலியில் 1999 சூலை 23 அன்று நடந்த ஊர்வலத்தில், காவலர் தடியடிக்கிடையே தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்தனர். 2020 ஆகத்து மாதத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து எழுபது பேர் மாண்டனர். தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். அவ்விடங்களின் படங்கள் இன்றும் சுற்றுலா நாட்காட்டிகளில் அழகாகத்தான் இருக்கின்றன.

இலக்கியம் இதனை அறியாமல் இல்லை. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதினார். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய புதினம், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் வாழ்வைப் பாடியதோடு அவர்தம் நாட்டார் பாடல்களையும் திரட்டினார். தெளிவத்தை ஜோசப்பின் பெயரிலேயே ஒரு தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் வருத்தம், இந்நூல்கள் உரைநடை ஆய்வாளர் மேசையிலேயே தங்கிவிட்டன என்பது. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு, குறைந்த நிறைக்கு அரைக்கூலியான அரைப்பேர், கங்காணியிடம் பட்ட கடனைச் சுமந்த துண்டு, கவாத்து, லயம் என எத்தனை சொற்கள்! இவை அகராதியில் தேடிப் பொறுக்க வேண்டிய பழஞ்சொற்கள் அல்ல. வாழும் தமிழர் வாயில் வழங்குபவை, வழங்கியவை. நம் தொகுப்புகளில் இவற்றுள் ஒன்றையும் நான் காணவில்லை. கம்பளத்தை மட்டும் கண்டேன்.

பயணம் போகவேண்டா என்று சொல்ல நான் வரவில்லை. நுவரெலியாவின் மணமும் நீலகிரியின் பனிக்காலத் தேநீரும் சுவைக்கத் தக்கவை. எனக்கும் டார்ஜிலிங் ஆசை உண்டு. வட்டத்தின் அடுத்த சுற்றுலா கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் என்று செயலாளர் அறிவித்துள்ளார். தொழிற்சாலையில் சுவை பார்த்த பின் ஒரு பிற்பகலை லயத்து முற்றத்துக்கு ஒதுக்கவேண்டும் என்பதும், அங்குள்ள மூதாட்டியர் பாடும் பாடல்கள் பதிவு செய்யப்பட்டு அடுத்த மலரில் நம் கவிதைகளுக்கு முன்னால் அச்சேற வேண்டும் என்பதும் என் முன்மொழிவுகள். பொதுக்குழு இவற்றை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து இருப்பது தேநீர் இடைவேளை.