நடுவர் இருக்கை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் ஆண்டு விழாவில் பாராட்டிப் பேசுவதே மரபு. ஆனால் செயலாளர் எனக்கு அளித்த தலைப்பு பாராட்டுக்கு இடம் தருவதாக இல்லை. மாணவர் கலைப்போட்டிகளில் கோடாமல் முடிவு கூறுவது எவ்வாறு என்பது அது. பரிசு பெற்றவர் எவரும் இதைக் கேட்பதில்லை, பெறாதவர் கேட்கின்றனர். ஆகவே அவர்களை மனத்திற்கொண்டே பேசுகிறேன்.

2022ஆம் ஆண்டு தொடங்கி நம் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெற்று வந்திருப்பதை அறிவீர்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என ஏறுகின்ற படிகள். உச்சியில் கலையரசன், கலையரசி எனும் பட்டங்கள். உச்சிப் படியில் நடுவரைத் தேர்ந்து அழைப்பார்கள். அடிப்படியிலோ, அன்று காலையில் கையில் அகப்பட்டவரே நடுவர்! அங்கே தடுக்கப்பட்ட குழந்தைக்கு அடுத்த படி என்பதே இல்லை. ஆகையால் மிகுந்த கவனம் வேண்டுவது நம் போன்ற சிற்றூர்ப் போட்டிகளுக்குத்தான் என்பேன்.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1957 முதல் பள்ளிக் கலோத்சவம் நடைபெறுகிறது. 1986இல் கலாதிலகம், கலாபிரதிபா எனும் தனியாள் பட்டங்களைச் சேர்த்தார்கள். போட்டி மூண்டது, மேல்முறையீடுகள் பெருகின, நீதிமன்றப் படியேறிய பெற்றோரும் உண்டு. பின்னர் அப்பட்டங்களைக் கைவிட்டுத் தரநிலை முறைக்கு மாறினார்கள். பட்டம் பெரிதாகப் பெரிதாக நடுவர்மீது ஐயமும் பெரிதாகிறது.

நம் மரபில் இதற்கு வழி இல்லாமலில்லை. இறையனார் களவியலுக்குப் புலவர் பலரும் உரை கண்டபோது, எது சிறந்தது என்று தமக்குள்ளே தீர்த்துக்கொள்ளவில்லை. காரணிகன் ஒருவனை வேண்டினார்கள் என்கிறது அதன் உரைப்பாயிரம். வந்தவன் உருத்திரசன்மன், ஐந்து வயது ஊமைச் சிறுவன். மருதனிளநாகனார் உரையில் சிற்சில இடங்களில் கண்ணீர் வார்த்தவன், நக்கீரர் உரையில் சொல்தோறும் வார்த்தானாம். கதைதான் என்றாலும், போட்டியிட்டவர் எவரும் நடுவர் இருக்கையில் அமரவில்லை என்பது கருதத்தக்கது. தம் பள்ளி மாணவர் மேடையேறும்போது நடுவராக அமர்ந்திருக்கும் ஆசிரியர் இக்கதையை ஒருமுறை படிக்கலாம்.

கதையை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோம். உத்தரமேரூரில் முதற்பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கினார்கள். அண்மைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரையும் விலக்கினார்கள். ஓலையை எடுப்பவன் ஏதுமறியாச் சிறுவன். அதை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுப் படிக்க வேண்டும். அவர் நல்லவர் என்ற நம்பிக்கையை மட்டும் அங்கு சாரவில்லை. ஏற்பாடே காக்கிறது. நாமோ, ‘அவர் தங்கமான மனிதர்’ என்று சொல்லி நடுவரை அழைக்கிறோம்!

தங்கமான மனிதரும் கூட்டல் கணக்கில் வழுக்குவார். மூன்று நடுவர்கள். முதல் மாணவிக்கு 74, 75, 50. இரண்டாமவருக்கு 70, 71, 85. கூட்டினால் 199க்கு 226, இரண்டாமவர் வெற்றி. ஆனால் மூவரில் இருவர் முதல் மாணவியையே சிறந்தவர் என்றனர்! பரந்த கையால் மதிப்பெண் வழங்கும் ஒருவரே முடிவை எழுதிவிடுகிறார். ஒவ்வொரு நடுவரும் தந்த வரிசை எண்ணைக் கூட்டிப் பாருங்கள்: முதல் மாணவிக்கு 4, மற்றவருக்கு 5. குறைந்த எண்ணே முந்துவது. பட்டியலை இப்படிப் போடக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மேடையேறும் வரிசையும் சிறு செய்தியன்று. பிரஸ்ஸல்ஸ் நகரின் அரசி எலிசபெத் இசைப்போட்டியை ஆராய்ந்து 1996இல் வெளிவந்த கட்டுரை, சீட்டுக் குலுக்கியே வரிசை அமைத்தும், முன்னதாக வாசித்தவர்கள் பின்தங்கினர் என்று காட்டியது. உலகப் புகழ் நடுவர்க்கே அந்நிலை! நம் ஊர்களில் வருகைப் பதிவேட்டின் அகர வரிசையிலேயே அழைப்பதால் அமுதாவும் அன்பழகனும் ஆண்டுதோறும் முதலில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

இனி, நம் ஊருக்கே உரிய ஒன்று. ஆரம்பாக்கம் எல்லையூர். பல வீடுகளில் தெலுங்கு வழங்குகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வந்தவர் வீடுகளில் இந்தியும் ஒடியாவும். பழவேற்காட்டுக் கரையிலோ மீனவர் தமிழ். ஒரு போட்டியில், தனிநடிப்பில் மீன் விற்கும் பெண்ணாக நடித்த சிறுமி கரைப்பேச்சிலேயே பேசினாள், அவை கைதட்டியது. ‘உச்சரிப்பு கொச்சை’ என்று எழுதி மதிப்பெண் குறைத்தார் நடுவர். மீன்காரி மேடைத்தமிழ் பேசியிருந்தால் அல்லவா குறைத்திருக்க வேண்டும்! செய்யுள் ஒப்புவித்தலில் ழகரம் பிழைத்தால் குறைக்கத்தான் வேண்டும். தெலுங்கு வீட்டுப் பிள்ளை என்பதற்காகச் சலுகை கேட்கவில்லை. எந்தப் போட்டியில், எத்தனை மதிப்பெண் என்பதை ஒரு திங்களுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள் என்றே கேட்கிறேன். பயிற்சி செய்யக் காலம் கிடைத்த பிள்ளை ழகரத்தை வென்றுவிடும். கிடைக்காத பிள்ளை மேடையையே துறந்துவிடும்.

நம் வட்டம் நடத்தும் அடுத்த போட்டிக்கு என் வேண்டுகோள் இதுதான். போட்டியிடும் பள்ளிகளோடு தொடர்பற்ற ஒன்பதின்மர் பெயரைக் குடத்தில் இட்டு மூவரைச் சிறு குழந்தை எடுக்கட்டும். நடுவர் மூவரும் தம்முள் கலந்து பேசாமல் தாளில் எழுதட்டும். அத்தாள்களை அன்று மாலையே நூலக வாயிலில் ஒட்டிவிடுவோம். பரிசு பெறாத பிள்ளை ஒவ்வொன்றுக்கும், எது நன்றாக இருந்தது, எதைத் திருத்த வேண்டும் என நடுவர் கைப்பட இரண்டு வரி எழுதித் தரட்டும். உருத்திரசன்மனுக்குப் பேச்சு வராது. நம் நடுவர்களுக்கு வரும். தாளும் எழுதுகோலும் வாங்கித் தரும் செலவு என்னுடையது.